காலியாக இருக்க வேண்டிய குளம்

1

போன செவ்வாய்க்கிழமை காலை கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீஸுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினால், தண்டவாளத்தை ஒட்டி ஒரு புது விளம்பரப் பலகை. அதில் ஒரு குளம். குளத்தின் நடுவில் சீரியல் பல்பு மின்னும் தெப்பம். தெப்பத்துக்குள் எங்கள் தாமான் கோயில் மாரியம்மன். தாமான் என்றால் இங்கே மலேசியாவில் குடியிருப்பு, நம்மூர் 'நகர்' மாதிரி. படத்துக்கு மேலே ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து: ஆசி பெற்ற ஏரிக்கரை வாழ்க்கை. இரண்டாம் கட்ட வீடுகள் விற்பனைக்கு.

எதிர் சீட்டில் இருந்த அம்மா ஒருவர் பலகையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கோ பற்றி எரிந்தது. ஏன் என்றால், அந்தக் குளத்தில் தண்ணீர் நிற்கவே கூடாது. அப்படிச் சொன்ன ஒரே ஆள் நான். சொன்னதோடு வாயை மூடிக்கொண்டு போகாமல், திருவிழா அன்றைக்கே மதகைத் திறந்துவிட்டுச் சாமியைச் சேற்றில் உட்கார வைத்த மகா பாவியும் நான்தான். விளம்பரத்தில் என் பெயர் இல்லை. அந்த மட்டும் நிம்மதி.

ஊரில் இருப்பவர்களுக்கு என் வேலையைப் புரிய வைக்க முடிந்ததே இல்லை. புது வீட்டு மனைகளில் பெய்கிற மழை கீழே இருப்பவன் வீட்டுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளும் இன்ஜினீயர் நான். "மழைத் தண்ணியை மெதுவாப் போகச் சொல்ற வேலை" என்று வேளச்சேரியில் இருக்கும் தம்பியிடம் ஒருமுறை சொன்னேன். "அதுக்கு ஏண்ணே பிளேன் ஏறிப் போனே? இங்க தண்ணி நகரவே மாட்டேங்குது. வந்து நீயாச்சும் போகச் சொல்லேன்" என்றான். அன்றைக்கு அவன் வீட்டு மாடிப்படியில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பேசினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2

எங்கள் அப்பா வேளச்சேரி பக்கம் மனை வாங்கியபோது அது ஏரி என்று யாரும் சொல்லவில்லை. தவளை சொல்லியது, அப்பா கவனிக்கவில்லை. ஏரியைத் தூர்த்து நகர் போட்டுவிட்டு அந்த நகருக்கு ஏரியின் பெயரையே வைப்பது நம் வழக்கம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற மாதிரிதான், மரியாதை முக்கியம். ஒவ்வொரு கார்த்திகையிலும் ஏரி தன் இடத்தைப் பார்த்துப் போக வரும். பீரோவின் கீழ்த் தட்டில் எதையும் வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம். அம்மா கல்யாணப் புடவைகளை லாஃப்டில்தான் வைத்திருந்தாள்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன் மலேசியாவுக்கு வந்து இறங்கியதும் வாயைப் பிளந்தேன். இங்கே வீடு கட்டுவதற்காகக் குளம் வெட்டுகிறார்கள்! முதல் வேலையில் ஓரிடத்தில் 'கோலம்' என்று பெரிய பலகை வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, அட, நம்மாட்கள் அரிசிமாவுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார்களே என்று சுற்றிச் சுற்றித் தேடினேன். மலாயில் கோலம் என்றால் குளமாம். கூட வந்தவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

விஷயம் ரொம்பச் சுலபம். ஒரு மேட்டில் எண்ணெய்ப்பனைத் தோட்டம் இருக்கிறது என்று வையுங்கள். மழை பெய்தால் மட்டையில் கொஞ்சம் தங்கும், மண் கொஞ்சம் குடிக்கும், மிச்சம் ஆற அமர இறங்கி வரும். இப்போது தோட்டத்தை வெட்டிவிட்டுக் கூரையும் தாரும் சிமெண்டும் போடுகிறோம். குடிக்க மண் இல்லை. பெய்தது அத்தனையும் ஒரே மூச்சில் கீழே பாயும். அதுவும் இங்கே பெய்வது நம்மூர்த் தூறல் இல்லை. மதியம் வரை மண்டையைப் பிளக்கும் வெயில், நாலு மணிக்கு வானம் கறுத்து, அண்டாவைக் கவிழ்த்த மாதிரி கொட்டும். அதனால் மனையின் தாழ்ந்த மூலையில் ஒரு குளம் வெட்டு, வருகிற வெள்ளத்தை அதில் பிடித்து வை, மதகைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து மெல்ல மெல்ல வெளியே விடு என்பது சட்டம். மழை வரும்போது குளம் காலியாக இருந்தால்தான் பிடிக்க முடியும். முன்னாடியே நிறைத்து வைத்த குளமும், குளமே இல்லாததும் ஒன்றுதான். இதை ஒரு குழந்தைக்கு ஒரு டம்ளரை வைத்துப் புரிய வைத்துவிடலாம். பெரியவர்களுக்குத்தான் கஷ்டம்.

3

நான் வேலை பார்க்கும் மனையும் அப்படி ஒரு மேடுதான். அதற்கு நேர் கீழே இருப்பது நான் குடியிருக்கும் தாமான். தாமானிலேயே ஆகப் பள்ளம் எங்கள் வரிசை. வரிசையிலேயே ஆகப் பள்ளம் மூலை வீடு, சரசு அக்கா வீடு. காலையில் இட்லி, மத்தியானம் கறிபஃப் போட்டு விற்றுக் குடும்பம் நடத்துகிறவர். அவர் கணவர் முனியாண்டி அண்ணன் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மாடி ஏற முடியாது என்பதால் முன் ஹாலில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். பேச்சு குறைந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு சொல் வந்தால் அக்கா அதைத் தெரு முழுக்கச் சொல்லுவார்.

மேட்டில் மரம் வெட்டத் தொடங்கின வருஷம் ஒரு சாயங்காலம் தண்ணீர் வந்தது. தே தாரிக் நிறத்தில், அதாவது ஆற்றிய பால் டீ நிறத்தில், வாசல் படி ஏறி, ஹாலுக்குள், கட்டில் மேலே. அக்கா தன் புருஷனின் தலையைத் தோளில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், மெத்தை நனைந்து கனக்கக் கனக்க. நாங்கள் நாலு பேர் போய் அவரைத் தூக்கி மாடிப்படியில் உட்கார வைத்தோம். அந்த மனுஷன் அழவில்லை, கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டார். வேளச்சேரியில் எவ்வளவோ வெள்ளம் பார்த்தவன் நான். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

மறுநாளே அக்கா கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் அடியில் இரண்டு செங்கல் அடுக்கிவிட்டார். தண்ணீர் வந்தாலும் மெத்தைக்கு வராது. ஆனால் கட்டில் உயர்ந்துவிட்டதால் அண்ணனை உட்கார வைத்தால் கால் அந்தரத்தில் தொங்குகிறது. பயிற்சி கொடுக்க வரும் நர்ஸ் தலையில் அடித்துக்கொள்வார்: "ஆன்டி, பாதம் தரையில படணும் லா. அப்பதான் நிக்கப் பழக முடியும். செங்கல்ல எடுங்க."

அக்கா எடுக்கவில்லை. நான் அந்த மனையில்தான் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து, பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"தம்பி, செங்கல்ல எடுக்கலாமா?"

"குளம் முடியட்டும்க்கா. முடிஞ்சதும் எடுத்துடலாம்."

ஆபீஸ் மீட்டிங்கில் எத்தனையோ வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதற்கெல்லாம் மினிட்ஸ் இருக்கிறது. இதற்கு மினிட்ஸ் கிடையாது, அதனால்தான் பயமாக இருந்தது.

4

குளம் முடிகிற வரைக்கும் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். வெட்டிய சரிவுக்குக் கறுப்புத் துணி வேலி கட்ட வேண்டும், மண் கரைந்து கீழே போகாமல் அது தடுக்கும். இது மழைக்காக என்று நீங்கள் நினைப்பீர்கள். மழை வரும் நாளில் வேலி கிழிந்து கிடக்கும். நகராண்மைக் கழக அதிகாரி வரும் நாளில் புத்தம் புதிதாக விறைத்து நிற்கும். அமைச்சர் வரும் தெருவில் நம்மூரில் பிளீச்சிங் பவுடர் போடுவார்களே, அதே பக்தி. மனையிலிருந்து வெளியே போகும் லோரிகள் டயர் கழுவ ஒரு தொட்டி கட்டினோம், சேறு ரோட்டுக்குப் போகக்கூடாது என்று. டிரைவர்கள் நல்லவர்கள். தொட்டி கெட்டுப் போய்விடக்கூடாதே என்று பக்கத்தால் சுற்றிப் போனார்கள்.

குளத்துக்கு அனுமதி வாங்கப் போன கதை தனி. ஒரு கவுண்டரில் 'குளம் எங்கள் வேலை இல்லை, கால்வாய்தான் எங்கள் வேலை' என்றார்கள். கால்வாய் கவுண்டரில் 'குளத்திலிருந்து வருகிற கால்வாய் குளத்தைச் சேர்ந்தது' என்றார்கள். மூன்றாவது கவுண்டரில் இருந்த பெண் தங்கமானவள், சாப்பாட்டு நேரம் முடிந்து வரச் சொன்னாள். என் மலாய் அந்த வகையில்தான் வளர்ந்தது. 'நாளைக்கு', 'இன்னும் கையெழுத்து ஆகவில்லை', 'ஆபீசர் மெஷுவாராத்தில் இருக்கிறார்' மூன்றும் தெரிந்தால் இந்த ஊரில் பாதி வாழ்க்கை ஓடிவிடும். மெஷுவாராத் என்றால் மீட்டிங். இந்த நாட்டில் எல்லா ஆபீசரும் நிரந்தரமாக அதில் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் என்னுடையது மட்டும் சிவப்பு அடையாள அட்டை, நிரந்தரவாசி என்று போட்டிருக்கும், குடிமகன் என்று போட்டிருக்காது. மனைவி செல்விக்கும் மகள் யாழினிக்கும் நீலம். இருவரும் கிள்ளானில் பிறந்தவர்கள். வீட்டிலேயே நான் ஒருவன்தான் தேங்கி நிற்கிற தண்ணீர்.

எப்படியோ குளம் முடிந்தது. ஒரு பெரிய காலி கிண்ணம். அடியில் இரும்பு மதகு, திருப்பச் சக்கரம், பூட்டு, சாவி என்னிடம். அதன் மேட்டில் நின்று பார்த்தால் சரசு அக்கா வீட்டுக் கூரை தெரியும். முதல் மழையில் தண்ணீர் வந்து நிறைந்து, மறுநாள் காலைக்குள் மெல்ல வடிந்து, குளம் மறுபடி காலியாகிவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான சேற்றுத் தரையை நான் பார்த்ததில்லை. செல்வியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "ஒண்ணுமே இல்லையேங்க" என்றாள். அதுதான் விசேஷமே என்று சொல்லிப் பார்த்தேன்.

இன்னும் ஓரிரு மழை பார்த்துவிட்டுச் செங்கல்லை எடுத்துவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் அன்றைக்கு எனக்குக் கறிபஃப் கூடுதலாகப் போட்டார்.

5

அதற்குள் மூன்று தரப்புக்கு ஒரே நேரத்தில் ஞானம் பிறந்தது.

முதலாவது, மனைக் கம்பெனியின் மேனேஜர் மிஸ்டர் டான். வாசலில் நீர் இருந்தால் செல்வம் வரும் என்பது அவர் நம்பிக்கை. வாசலில் காலிக் குழி இருந்தால் என்ன வரும் என்று அவருடைய வாஸ்துக்காரர் சொன்னதை அவர் என்னிடம் சொல்லவில்லை. முகம் சொல்லியது. இரண்டாவது, விற்பனைப் பிரிவு. அவர்கள் அதைக் குளம் என்றே சொல்வதில்லை, ஏரி என்கிறார்கள். ஏரி பார்த்த ஜன்னலுக்கு விலை அதிகம். மூன்றாவதுதான் எனக்கு விழுந்த அடி. எங்கள் தாமான் கோயில் கமிட்டி.

கமிட்டித் தலைவர் கோபால் அண்ணன், ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. நெற்றியில் பட்டை, கையில் எப்போதும் ஒரு ஃபைல். எங்கள் கோயிலில் சித்ரா பௌர்ணமிக்குத் தெப்பம் விட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. குளம் இல்லாததால் வருஷா வருஷம் ஒரு பிளாஸ்டிக் நீச்சல் தொட்டியில் அம்மனைச் சுற்றிவிடுவார்கள், கோடி வீட்டுப் பிள்ளைகள் குளிக்கிற தொட்டி. அது அவருக்கு அவமானம். இப்போது நேர் மேலே குளம்! நேராக டானிடம் போய்விட்டார். டான் குதித்து எழுந்து, குளத்தை நிரப்பித் தருகிறேன், விளக்கு போட்டுத் தருகிறேன், ஒரு ஃபோட்டோ மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

எந்த வீடுகளைக் காப்பாற்ற அந்தக் குளம் வெட்டப்பட்டதோ, அந்த வீட்டுக்காரர்களே போய் அதை நிரப்பிக் கொடு என்று கேட்டிருக்கிறார்கள். உலகத்தில் வேறெந்த ஜனமும் இப்படிச் செய்யாது. நமக்கு நிறைந்தது என்றால் மங்களம், காலி என்றால் அபசகுனம். காலிக் குடத்தோடு யாராவது எதிரே வந்தால் வீட்டுக்குத் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள் நாம். குளத்தைக் காலியாக வைத்தால்தான் நல்லது என்று நம்மிடம் எந்த வாயால் சொல்வது?

சொன்னேன். கோயில் மண்டபத்தில் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, படம் போட்டு, டம்ளர் வைத்துக் காட்டினேன்.

"தம்பி, ஒரு நாளுதானே லா," என்றார் கோபால் அண்ணன். "சாமி காரியம்."

"அந்த ஒரு நாள்ல மழை வந்தா, அண்ணே?"

"அம்மனை வெச்சுக்கிட்டே மழைக்குப் பயப்படறியா? மாரின்னாலே மழைதானே!"

அதுதான் அண்ணே என் பயமே என்று சொல்ல வாய் வந்தது, செல்வி கண்ணைக் காட்டியதால் அடக்கிக்கொண்டேன். பின் வரிசையிலிருந்து ஒருவர், "இந்தியாக்காரருக்கு நம்ம கோயில் வளர்றது பிடிக்கல போல" என்றார். கூட்டத்தில் சரசு அக்காவும் இருந்தார். அவர் கையைத் தூக்கி, தெப்பத்துக்குப் பூ அலங்காரம் என் உபயம் என்று சொன்னார். புருஷன் எழுந்து நடந்தால் செய்கிறேன் என்று வேண்டியிருந்தாராம். முன்கூட்டியே செய்துவிட்டால் அம்மனுக்கும் ஒரு கடமை வரும் இல்லையா?

நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஆபீஸில் என் முதலாளியிடம் முறையிட்டேன். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்துவிடு, நமக்கு வம்பு வேண்டாம் என்றார். எழுதினேன். டான் அதைப் படித்துவிட்டு, "மூர்த்தி, யூ ஆர் வெரி கேர்ஃபுல்" என்று தட்டிக்கொடுத்தார். அதாவது, போய் மதகை மூடு. மூடினேன். இரண்டு வார மழையில் குளம் ததும்பத் ததும்ப நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தாமான் குடும்பம் குடும்பமாகப் போய் அதன் கரையில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டது. "எவ்ளோ அழகா இருக்கு பாருங்க" என்றாள் செல்வி. அழகாகத்தான் இருந்தது, அதுதான் கஷ்டம்.

6

சித்ரா பௌர்ணமி காலை. காப்பி குடிக்க உட்கார்ந்தால் ஃபோனில் இடிமழை எச்சரிக்கை. அது இங்கே தினமும் வரும், யாரும் பார்ப்பதில்லை. ஆனால் வெளியே வந்தால் காற்றே இல்லை. காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எதிர் வீட்டு நாய் நிழலை விட்டு நகரவில்லை.

மூலை வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் சரசு அக்கா கூடை கூடையாகச் சாமந்தி கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்லிப் பெருமைப்பட ஆசைதான். உண்மை என்னவென்றால் அந்தத் தொங்கும் காலைப் பார்த்தேன், அவ்வளவுதான். நேராக மேட்டுக்குப் போனேன், பூட்டைத் திறந்தேன், சக்கரத்தைச் சுழற்றி மதகை முழுசாகத் தூக்கிவிட்டேன். வெயில் காய்ந்துகொண்டிருந்ததால் கீழ்க் கால்வாய் வற்றிக் கிடந்தது. அதற்குத் தாங்கும். சலசலவென்று போனது தண்ணீர். நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டேன். யாராவது வந்து மூடிவிடுவார்களே!

முதலில் வந்தது யாழினி, பதினாறு வயசு. கோயிலுக்காக வீடியோ எடுக்க வந்தவள். குளம் இறங்குவதைப் பார்த்துவிட்டு ஃபோனைத் தாழ்த்தினாள்.

"அப்பா, வாட் ஆர் யூ டூயிங்? அம்மா கொன்னுடுவாங்க லா."

"தெரியும்."

"எல்லாரும் உங்கள ஏசுவாங்க."

"அதுவும் தெரியும்."

அவள் கரை ஓரம் வந்து குளத்தை எட்டிப் பார்த்தாள். என் மகளோடு நான் முழுசாக ஒரு வாக்கியம் பேசி எவ்வளவு நாளாகிறது என்று யோசித்தேன். என் தமிழ் அவளுக்கு டிவி நாடகம் மாதிரி இருக்கிறதாம், அவள் தமிழ் எனக்கு மூன்று பாஷை போட்டுக் கிளறிய ரோஜாக் கலவை மாதிரி. "ஓகே, நான் உங்களைப் பார்க்கல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவளிடமிருந்து அது பெரிய ஒத்துழைப்பு.

மதியம் இரண்டு மணிக்குப் பூ லோரியோடு கமிட்டி வந்து சேர்ந்தது. விடியற்காலை நல்ல நேரத்திலேயே அம்மனைத் தெப்பத்தில் ஏற்றி, குடை கட்டி, காவலுக்கு ஒரு பூசாரியை உட்கார வைத்துவிட்டு, மற்ற வேலைகளுக்குக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அந்தப் பூசாரி நான் போகும்போதே குடை நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்தபோது தெப்பம் சிவப்புச் சேற்றில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அம்மன் கொஞ்சம் கோணலாகப் பார்த்தாள். என்னைத்தான் பார்க்கிறாள் என்று தோன்றியது.

கோபால் அண்ணன் கத்தினார் பாருங்கள்! சுங்கத்தில் எத்தனை கடத்தல்காரர்களைப் பார்த்தவர், அவர்களைக்கூட இப்படித் திட்டியிருக்க மாட்டார். "கோயிலுக்குத் துரோகம் பண்ணிட்டியேடா! நீயெல்லாம் திருநீறு பூசறவனா?" டான் ஃபோனில் இங்கிலீஷிலும் ஹொக்கியன் சீனத்திலும் மாறி மாறிக் கத்தினார். ஃபோட்டோக்காரர் வேறு வந்துவிட்டாராம். செல்வி வந்தாள், குளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அது திட்டுவதைவிட மோசம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

சரசு அக்கா பூக்கூடையை இடுப்பில் வைத்தபடி கரையில் நின்றார். "சாமிய சேத்துல ஒக்கார வெச்சிட்டியே தம்பி. என் வேண்டுதல் என்ன ஆகும்?" என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு போய் மதகை மறுபடி இறக்கினேன். முழுசாக மூடவில்லை, விதிப்படி கொஞ்சமாகத் திறந்து வைத்தேன். இப்போதாவது புத்தி வந்ததே என்று கோபால் அண்ணன் சொன்னார்.

வானம் கறுத்தது.

7

அந்த மழையைப் பற்றி என்ன சொல்ல? சேற்றில் இறங்கி, பூசாரியும் நாங்களும் தெப்பத்தின் கயிற்றைக் கரையில் இழுத்துக் கட்டவே நேரம் இருந்தது. பிறகு எதிரே நிற்பவர் தெரியவில்லை. எல்லோரும் விற்பனை அலுவலகக் கூரைக்கு ஓடினோம். ஒருவரும் என் பக்கத்தில் நிற்கவில்லை, அதனால் எனக்கு நல்ல இடம் கிடைத்தது. மேட்டிலிருந்த அத்தனை தாரும் கூரையும் சிமெண்டும் தங்கள் தண்ணீரைக் குளத்துக்குள் கொண்டுவந்து கொட்டின. தே தாரிக் நிறத்தில் குளம் ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. நான் கரையில் இருந்த குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை விட்டபோது கரைக்கு மேலே வர ஒரு முழம் பாக்கி. காலையில் இருந்த மட்டத்தோடு இந்த மழையும் சேர்ந்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, சரசு அக்கா வீட்டுக் கூரை கண் எதிரே தெரிந்துகொண்டிருந்தது.

"அங்க பாருங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

தெப்பம் மிதந்துகொண்டிருந்தது.

சேற்றில் சாய்ந்து கிடந்த தெப்பம், நிமிர்ந்து, குடை நனைந்து, தண்ணீரின் மேல் ஜம்மென்று நின்றது. அம்மன் நேராகப் பார்த்தாள்.  பிறகு கோபால் அண்ணன் சேற்றில் சாஷ்டாங்கமாக விழுந்தார். "ஓம் சக்தி!" என்று முழு தாமானும் அலறியது. மனுஷன் வடித்ததை மாரி நிரப்பிவிட்டாளாம்! டான் கைகூப்பினார். ஃபோட்டோக்காரர் சரமாரியாக எடுத்துத் தள்ளினார். அந்தி சாய்ந்ததும் நாதஸ்வரத்தோடு தெப்பம் மூன்று சுற்று சுற்றியது. அவ்வளவு நல்ல தெப்பத் திருவிழாவை மலேசியாவிலேயே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் கும்பிட்டேன், பொய் சொல்வானேன். அந்த நேரத்தில் கும்பிடாமல் இருக்க முடியவில்லை.

இதைத்தான் நான் விளக்க முயன்று தோற்றேன். குளம் மழைக்கு முன்னால் காலியாக இருந்தது, அதனால் மழை குளத்துக்குள் போனது. டம்ளர். ஆனால் அன்றைக்கு யாரும் டம்ளரைப் பார்க்கும் மனநிலையில் இல்லை.

வீட்டுக்கு இறங்கி வந்தோம். எங்கள் வரிசையில் எந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை. மூலை வீட்டு வாசலில் அக்கா காலையில் போட்ட கோலம்கூட அழியவில்லை, தாழ்வாரத்துக்கு அடியில் இருந்த பாதி. வராத வெள்ளத்தை யார் கவனிப்பார்கள்? 'பார்த்தியா, பஞ்சிர் ஒண்ணும் வரலையே, அநியாயமா தண்ணியத் தொறந்து விட்டியே' என்று எதிர்வீட்டுக்காரர் என்னிடமே சொன்னார். பஞ்சிர் என்றால் வெள்ளம். அவரைப் பார்த்து ஆமாம் என்றேன். என்ன செய்ய?

செல்வி அன்றைக்கு எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். யாழினி மட்டும் சாப்பிடும்போது ஃபோனைக் காட்டினாள். மதியம் சேற்றில் நின்ற தெப்பமும், சாயங்காலம் மிதந்த தெப்பமும். இரண்டையும் ஒட்டி ஒரு வீடியோ போட்டிருந்தாள். கீழே ஒரு வரி, ஆங்கிலத்தில்: இடையில் நடந்தது என் அப்பா. "டிராமா வேணாம், சாப்பிடுங்க" என்றாள். 

8

அடுத்த வாரம் டான் கூப்பிட்டார். அற்புதக் குளத்தை இனி எப்போதும் நிறைவாக வைத்திருக்க யோசனையாம். நடுவில் ஒரு நீரூற்று. மதகுச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொன்னார். ஒப்படைத்தேன். அதற்கும் ஆட்சேபம் எழுதினேன், அதற்கும் தட்டிக்கொடுத்தார். நகராண்மைக் கழகத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். மூன்றாவது கவுண்டரில் அதே தங்கமான பெண் இருக்கிறாள், ஆபீசர் மெஷுவாராத்திலிருந்து வந்ததும் பார்ப்பாராம். நான் வாரா வாரம் போகிறேன். போகாமல் விட முடியவில்லை.

அந்தப் பலகையைப் பார்த்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி வரும்போது, சரசு அக்கா வாசலில் நிறுத்தினார். கையில் விபூதிப் பொட்டலம்.

"தம்பி, உன் பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிட்டேன். அன்னிக்கு சாமி குத்தம் ஆயிடுச்சுல்ல, உன் தலைல விழக்கூடாதுன்னு. நட்சத்திரம் தெரியல, செல்விகிட்ட கேட்டுக்கிட்டேன்."

"நன்றிக்கா," என்றேன். வேறு என்ன சொல்வது!

"உள்ள வா. அண்ணன் நேத்து 'தண்ணி'ன்னு தெளிவாச் சொன்னாரு. கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், குடிக்கவா, வெள்ளமான்னு தெரியல." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தம்பி, எல்லாரும் அம்மன்தான்னு சொல்றாங்க. நானும் அப்படித்தான் சொல்றேன். ஆனா உன்னக் கேக்கறேன். செங்கல்ல எடுக்கலாமா?"

அவ்வளவு பேர் இருக்க, அம்மனே இருக்க, அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டார்.  சாவி என்னிடம் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. எடுங்கள் என்று சொல்ல ஆசையாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, தொங்கும் காலோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணு எடுத்துடலாம்க்கா," என்றேன். "ஒண்ணு இருக்கட்டும்."

 அக்கா என் முகத்தைப் பார்த்தார், தலையாட்டினார். பஞ்சரான காரை ஜாக்கியில் தூக்குகிற மாதிரி கட்டிலை நான் ஒரு பக்கம் தூக்க, அக்கா செங்கல்லை உருவினார். நான்கு காலிலும் ஒவ்வொன்று. உருவி எடுத்ததை அவர் வெளியே போடவில்லை, கட்டிலுக்கு அடியிலேயே சுவரோரமாக அடுக்கி வைத்தார். நானும் வெளியே போடச் சொல்லவில்லை.

அண்ணனை இருவருமாக விளிம்புக்கு நகர்த்தினோம். குதிகால் படவில்லை. விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. அவர் காலை உடனே இழுத்துக்கொண்டார், மெல்ல மறுபடி வைத்தார்.

"ஜில்லுன்னு இருக்கு," என்றார்.